அத்தை கெடுத்த சுவர்கள்

எங்கள் வீட்டுப் பின்சுவரை என் அத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசுவாள். சாயங்காலம் அவளே சுரண்டிப் போடுவாள். சிமெண்ட் கிடையாது. சலித்த மண்ணும் மணலும் சேர்த்துக் குழைத்த கலவை. சுரண்டியதைச் சாக்கில் அள்ளி வைத்துக்கொண்டால் அடுத்த வாரத்துக்கும் ஆகும். அந்தச் சாக்கு சமையலறைக்குப் போகிற வழியில் உட்கார்ந்திருக்கும். அம்மா தினமும் அதில் காலை இடித்துக்கொள்வாள்.

“ஞாயித்துக்கிழமையானா மனுஷங்க துணி துவைப்பாங்க, தலைக்குக் குளிப்பாங்க. சுவத்துக்குச் சேறு பூசி விளையாடுறவள நான் இந்த வீட்டுலதான் பார்க்குறேன்” என்பாள் அம்மா.

“சுவரு தலைக்குக் குளிக்குதுன்னு நினைச்சுக்கங்க அண்ணி.”

“குளிச்சா அழுக்கு போகணும். இங்க அழுக்குல்ல சேருது!”

நான் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூல் இழுத்துக் கட்டி, அதற்குச் சமமாகப் பூசிக்கொண்டு போக வேண்டும். கல்லூரி முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. எனக்கும் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது தேவையாக இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கட்டிக்கொண்ட இடம் சரிப்படாமல் இளம் வயதிலேயே திரும்பி வந்துவிட்டாள். அப்பா லாரி ஓட்டுகிறவர். போனால் வாரக்கணக்கில் ஆள் இருக்காது. அம்மாவும் அத்தையும் சண்டை போட்டுக்கொண்டே என்னையும் தம்பியையும் வளர்த்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அத்தை கட்டட வேலையில் சித்தாள். கலவை குழைப்பாள், சட்டியில் அள்ளித் தலையில் வைத்து மாடி ஏறுவாள், கொத்தனார் பக்கத்தில் இறக்குவாள், காலிச் சட்டியோடு இறங்குவாள். அவள் பூசுகிற ஆள் இல்லை. பூசுகிறவர்களுக்குச் சுமக்கிற ஆள்.

கட்டட வேலைக்கு ஆணும் சித்தாளாகத்தான் வருகிறான். ஆனால் அவன் அப்படியே இருந்துவிடுவதில்லை. கொத்தனார் டீ குடிக்கப் போகும்போது அவருடைய பூச்சுக் கரண்டியை எடுத்துச் சுவரில் நாலு வீச்சு வீசுவான். பாதி கீழே விழும். எல்லோரும் சிரிப்பார்கள். மேஸ்திரி வந்து “உங்கப்பன் வீட்டுச் சிமெண்டாடா?” என்று திட்டுவார். மறுநாளும் வீசுவான். இப்படியே திட்டு வாங்கி வாங்கி ரெண்டு மூன்று வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். பெண் அதே கரண்டியைத் தொட்டால் யாரும் திட்டமாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். “அதைக் கீழ வைம்மா” என்று மரியாதையாகச் சொல்வார்கள். அந்த மரியாதையில்தான் அத்தையின் இருபது வருடம் போனது.

ஒரு நாள் காலையில் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவதுபோல உடம்பையே திருப்பினாள். தைலம் தேய்த்துவிட்டேன். ஒரு வாரத்தில் கொஞ்சம் சரியானது. ஆனால் அதற்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கழுத்து போன சித்தாளை முதலில் சுவருக்குத் தண்ணீர் அடிக்கச் சொல்வார்கள். பிறகு வாரத்தில் பாதி நாள் வரச் சொல்வார்கள். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு சொல்லி அனுப்ப மாட்டார்கள். அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலரும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

“கொத்தனாருக்குக் கண்ணு தெரியுற வரைக்கும் வேலை. சித்தாளுக்குக் கழுத்து இருக்குற வரைக்கும்தான் வேலை. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

நேராக மேஸ்திரியிடம் போய், கொத்தனார் வேலை தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரையும் வேலை வாங்க மாட்டார். “பழகிட்டு வாம்மா, பார்க்கலாம்” என்றிருக்கிறார்.

“எங்க போய்ப் பழக?”

“அது உன் பாடு.”

அப்படித்தான் எங்கள் பின்சுவருக்குச் சனி பிடித்தது.

இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்த வேலையாயிற்றே, சுலபமாக வந்துவிடும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. முதல் ஞாயிறு அவள் வீசிய கலவை சுவரில் ஒட்டவே இல்லை. வழுக்கிக்கொண்டு வந்து அவள் காலடியிலேயே விழுந்தது. பூசுவதற்கு முன் சுவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அதை மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் செய்துகொடுத்தவளே அவள்தான். தனக்கென்று வந்தபோது மறந்துவிட்டாள். அடுத்த வாரம் நினைவாகத் தண்ணீர் அடித்தாள். அளவுக்கு மீறி அடித்தாள். கலவை கூழாக ஓடியது. அதற்கடுத்த வாரம் மணிக்கட்டைச் சுழற்றத் தெரியாமல் கலவை முழுக்க அம்மா காயப்போட்ட போர்வையில் போய் அப்பியது. அன்று வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம்.

என்னை ஆச்சரியப்படுத்தியது அவள் கெடுத்தது அல்ல. கெடுத்துவிட்டு அவள் நிற்கிற நிற்பு. இடுப்பில் கை வைத்து, ஒரு அடி பின்னால் போய், கெட்டுப்போன சுவரை யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். “ஓ, இப்படி வர்றியா நீ?” என்பாள். பிறகு சுரண்ட ஆரம்பிப்பாள்.

என்னால் அப்படி நிற்க முடியாது. எங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கேட்க நன்றாக இருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் அது ஒற்றைக் கயிற்றில் நடக்கிற நடை. பக்கத்து இருக்கைக்காரி ஒரு பாடத்தில் விழுந்தால் “அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று அவளுடைய அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். நான் விழுந்தால் அம்மா, அப்பா, அத்தை, தம்பி எல்லோரும் சேர்ந்து விழுவோம் என்று எனக்குள் ஒரு பயம். அதனால் விழாமலே படித்தேன். தெரிந்ததை மட்டும் எழுதினேன், தெரிந்த இடத்தில் மட்டும் வாயைத் திறந்தேன். இப்போது நேர்காணலில் கேள்வி கேட்கிறார்கள்; பதில் சரிதானா என்று நான் உள்ளுக்குள் உறுதிசெய்துகொண்டு வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். மூன்று வருடம் படித்ததில் தப்பாகச் சொல்லப் பழகவே இல்லையே என்று அந்தப் பின்சுவர் முன்னால் நூலைப் பிடித்தபடி யோசித்திருக்கிறேன். சில நாள் அத்தைமேல் பொறாமையாகக்கூட இருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு வழி பிறந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சு வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில் இரண்டு கொத்தனார்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆனது. அத்தை மறுபடி போய் நின்றாள்.

“தரைத்தளத்துல மோட்டார் ரூம் இருக்கு. அதுல ஒரு சுவரு. ஒண்ணே ஒண்ணு” என்றார் மேஸ்திரி. “சரியா வந்தா மேல பேசலாம். கெட்டுப்போச்சுன்னா, அப்புறம் கரண்டியப் பத்தி என்கிட்ட வாயத் திறக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றுவிட்டாள் அத்தை.

அன்று மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் போனபோது பாதிச் சுவர் முடிந்திருந்தது. அத்தைக்குக் கலவை சுமந்து கொடுத்தவள் அவளுடைய கூட்டாளி. அவளுக்கு ரேடியோ என்று பேர். காலையில் போட்டால் சாயங்காலம் வரை நிற்காது.

“பாரு கண்ணு, உங்கத்தை பூசியிருக்கிற பூச்ச! கண்ணாடியே தோத்துடும். நான் இதுல பார்த்துத்தான் பொட்டு வச்சேன்” என்றாள் ரேடியோ.

உண்மையிலேயே அழகாக இருந்தது. எங்கள் வீட்டுச் சேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அத்தை சாப்பிட்டது பாதி வயிறுதான். கண் முழுக்கச் சுவரிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் அத்தை போவதற்கு முன்பே மேஸ்திரி அங்கே நின்றிருந்தார். நான் அத்தையோடே போயிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

சுவர் முழுக்க வெடிப்பு. மெல்லிய கோடுகள், காய்ந்த குளத்தடிபோல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. மேஸ்திரி விரல் முட்டியால் தட்டினார். சில இடங்களில் உள்ளே ஆள் இல்லாத வீட்டைத் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. சுத்தியலின் ஓரத்தால் லேசாக நெம்பினார். ஒரு பெரிய சில்லு அப்பளம்போல உடைந்து கையோடு வந்தது.

“இவ்வளவு மெலிசாவா பூசுவாங்க? சுவத்துக்குப் பவுடர் போட்டிருக்கியாம்மா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை அந்தச் சில்லை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூச்சு எவ்வளவு தடிமன் வர வேண்டும் என்று முதலில் சுவரில் அங்கங்கே சின்னதாகப் புள்ளி வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளுக்குச் சமமாகத்தான் பூச வேண்டும். அவள் புள்ளி வைத்தபோதே கை சுருங்கியிருக்கிறது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அள்ளி அள்ளித்தானே அப்பினாள்?

ரேடியோதான் சொன்னாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. எனக்கும் கேட்டது. “அக்கா, நேத்து ஒவ்வொரு சட்டி இறக்கும்போதும் நீ என் கழுத்தையே பார்த்த. ‘இருடி, இதுலயே ஓட்டிடுறேன், மூச்சு வாங்கிக்க’ன்னு சொன்ன. எனக்காக மிச்சம் புடிச்சிருக்க. எந்தக் கொத்தனாராவது சித்தாளுக்கு மிச்சம் புடிப்பானா?”

அத்தை சில்லைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு சட்டியின் கனமும் அவள் தலைக்குத் தெரியும். அதைச் சுவரில் வீச அவளுக்கு மனசு வரவில்லை. இந்தத் தப்பு வேறு யாருக்கும் வந்திருக்காது. சுமக்காதவன் இப்படிக் கெடுக்க மாட்டான்.

“சரிம்மா” என்றார் மேஸ்திரி. குரலில் கோபம்கூட இல்லை. “பேசினது பேசினதுதான். போய்ச் சட்டிய எடு.”

“இன்னொரு தடவை பூசுறேன்.”

“ஒரு சுவருன்னு சொன்னேன். நீயும் சம்மதம்னு சொன்ன.”

“சொன்னேன். சொன்னது தப்பு” என்றாள் அத்தை. “இந்தச் சுவத்த விடப் பெரிய தப்பு அதுதான். ஒரே சுவத்துல கொத்தனார் ஆனவன் எவனாவது இருக்கானா? நீங்க ஆனீங்களா மேஸ்திரி?”

யாரோ இருமினார்கள். மேஸ்திரி முகம் சிவந்தது. “என் கதை எதுக்கு இப்ப? சிமெண்டு யாரு வீட்டுது?”

“போன வாரம் ரெண்டாவது மாடி ஹால்ல கெட்டது யாரு வீட்டுது?”

ஹாலில் கெடுத்தது மாப்பிள்ளை. மேஸ்திரியின் அக்கா மகன். அவர் “மாப்ள” என்று கூப்பிடுவதால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். கரண்டி பிடித்து ஒரு வருடம் ஆகிறது. அவன் அப்போது வாசலில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

“அவன் பழகுற ஆளு” என்றார் மேஸ்திரி.

“நானும்தான் பழகுறேன்.”

“உனக்கு என்னம்மா வயசு?”

“வயசானவ கெடுத்தா சுவரு கூடுதலாக் கெடுமா? அவன் இடிச்சா பழகுறான், நான் இடிச்சா பொழப்பக் கெடுக்குறேனா? இருபது வருஷமா இங்க கெட்டுப்போன பூச்ச எல்லாம் அள்ளிக் கொட்டினது நான். யாரு யாரு எத்தனை கெடுத்தீங்கன்னு என் தலைக்குத் தெரியும். என் பங்குக்கு நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!”

மாப்பிள்ளை குச்சியை வாயிலிருந்து எடுத்தான். “ஹால நான் மூணு தடவை இடிச்சேன் மாமா” என்றான். “பால்கனிய நீங்க கணக்குல சேர்க்கல.”

“நீ சும்மா இருடா!”

அதற்குள் அத்தை மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்துவிட்டாள். முதல் அடி. ஒரு முழப் பூச்சு பொத்தென்று விழுந்தது. இரண்டாவது அடி. புழுதி கிளம்பியது. மேஸ்திரி “ஏம்மா, ஏம்மா” என்றார். அவள் திரும்பவில்லை. அவர் இடிக்கச் சொல்லி அவள் இடித்ததாக ஆகிவிடக் கூடாது என்ற அவசரம் அவள் கையில் தெரிந்தது. நான் கதவோரம் ஒண்டி நின்றேன். வேலையிலிருந்தே நிறுத்திவிடுவாரே, வீட்டில் என்ன சொல்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் படிப்பு எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பது இந்தக் கணக்கைத்தான்.

மேஸ்திரி அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “வேடிக்கை என்ன? மேல கொத்தனாருங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க. ரேடியோ, கலவைய எடுத்துட்டு மேல போ.”

ரேடியோ கலவையை அள்ளினாள். சட்டியைத் தலையில் வைத்தாள். மாடிப்படியைத் தாண்டி மோட்டார் ரூமுக்குள் வந்து அத்தையின் காலடியில் இறக்கினாள்.

“மேலன்னு சொன்னேன்.”

“எனக்கு இதுவே மேலதான் மேஸ்திரி” என்றாள் ரேடியோ. அன்றைக்கு அவள் பேசிய பேச்சிலேயே சின்னது அது.

அவளுக்குப் பின்னால் இன்னொரு சித்தாள் சட்டியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இறக்கினார்கள், போனார்கள். மேலிருந்து ஒரு கொத்தனார் “கலவை எங்கப்பா?” என்று கத்தினார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார், இவர்களைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “மதியம் வரைக்கும். அதுக்கு மேல ஒரு சட்டி இங்க வரக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை சுவருக்குத் தண்ணீர் காட்டினாள். புள்ளி வைத்தாள், இம்முறை தடிமனாக. கலவையை அள்ளி வீசினாள். ரேடியோ பக்கத்தில் நின்று விரட்டிக்கொண்டே இருந்தாள். “இது என்ன, ஊறுகாயா தொட்டு வைக்கிற? அள்ளிப் போடுக்கா! என் கழுத்தப் பார்த்தீன்னா சட்டியத் தூக்கி உன் தலையிலயே கவுத்துடுவேன்.” அத்தை சிரிக்கவில்லை. முகமெல்லாம் கலவை தெறித்திருந்தது. கண்ணை மட்டும் தோளால் துடைத்துக்கொண்டு வீசினாள். பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது, அவளுக்கு இத்தனை வருடம் மறுக்கப்பட்டது கரண்டி என்று சொல்வது போதாது. கரண்டியோடு சேர்த்துப் பத்து சுவரைக் கெடுக்கிற சுதந்திரத்தையும் ஆண்களுக்குக் கொடுத்திருந்தார்கள், அதற்குப் பேர் திறமை என்று வைத்திருந்தார்கள்.

மத்தியானம் ஆனபோது சுவர் முடிந்திருந்தது. அன்று இரவு அத்தை நன்றாகத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி ரசமட்டமும் நீளமான மட்டக்கோலும் எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் முட்டியால் தட்டினார். மேலே, கீழே, மூலையில். எங்கே தட்டினாலும் கெட்டியான சத்தம். வெடிப்பு ஒன்றுகூட இல்லை. பிறகு மட்டக்கோலைச் சுவரில் நிறுத்தினார். நடுவில் கோல் ஆடியது. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவு இடைவெளி.

“தொப்பை” என்றார். “நடுவுல நல்லாச் சாப்பிட்டு வளர்ந்திருக்கு.”

ரேடியோ என் கையைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

அத்தை இடுப்பில் கை வைத்து ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். “ஆமா. நடுப்புள்ளி வெளிய தள்ளிடுச்சு. ஒரே தடவையில ரொம்பப் போட்டுட்டேன், கனத்துல இறங்கிடுச்சு. ரெண்டு தடவையாப் போட்டிருக்கணும்.”

“அது முன்னாடியே தெரியாதா?”

“பார்த்திருக்கேன். இப்பத்தான் தெரியும்.”

மேஸ்திரி மட்டக்கோலைச் சுவரில் சாய்த்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. சுவரை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார், தேவையே இல்லாமல்.

“தொப்பைய மட்டும் கொத்தி எடுத்துட்டுச் சரி பண்றேன்” என்றாள் அத்தை. “மத்தியானத்துக்குள்ள ஆயிடும். அதுக்கப்புறம் எந்தச் சுவரு?”

“அதுக்கப்புறமா?”

“இது மோட்டாரு பார்க்கப்போற சுவரு. மனுஷங்க பார்க்கிற சுவரு எதுன்னு கேட்குறேன்.”

வாசலில் இருந்து மாப்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டு நழுவினான். மேஸ்திரி காதைச் சொறிந்தார். மாடியைப் பார்த்தார். கொத்தனார் இரண்டு பேர் குறைவு; அது அவருக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

“மாடிப்படிச் சுவரு” என்றார் கடைசியில். “உயரம் ஜாஸ்தி. சாரத்துல நின்னுதான் பூசணும். அதுவும் கெட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவ?”

“இடிப்பேன்” என்றாள் அத்தை. குனிந்து கரண்டியை எடுத்துக்கொண்டாள்.